மாப்பிள்ளை வாசித்த பாட்டு

"கித்தார்ல நாலு கம்பிதான் இருக்கு. மீதி எங்க தம்பி?"

கேட்டவர் மணியம். பெண்ணின் அப்பா.

மதிவாணனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஜொகூர் பாருவில் ஒரு பாட்டுப் பதிவை முடித்துவிட்டு, அம்மா புஷ்பவள்ளியையும் ஏற்றிக்கொண்டு, பெண் பார்க்க நேராகக் கெலாங் பாத்தாவுக்கு வந்திருந்தான். காரில் விட்டால் வெயிலில் கெட்டுவிடும் என்று கித்தாரை வீட்டுக்குள் தூக்கிவந்தது தப்பாகப் போயிற்று.

"இது பேஸ் கித்தார், அங்கிள். நாலு கம்பிதான். ரேடியோல பாட்டு கேக்குறப்போ அடியில தும் தும்னு ஒண்ணு வருமே, அது நான்தான். யார் பாட்டுக்குக் கூப்பிட்டாலும் போய் வாசிப்பேன்."

"நான் கேட்டதில்லையே லா."

இவர் மட்டுமா, ஊரில் யார்தான் கேட்டார்கள்? இந்தத் தொழிலைச் சொல்லியே ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்று பயந்தான். பெண் கஸ்தூரியை வேறு பார்த்த மாத்திரத்தில் பிடித்துத் தொலைத்துவிட்டது.

"சரி, ஒரு பாட்டு வாசிங்க, பார்ப்போம்," என்றார் மணியம்.

கையோடு கொண்டுவந்த சின்ன ஸ்பீக்கரில் கித்தாரைச் சொருகி, காலையில் பதிவு செய்த பாட்டையே ஆரம்பித்தான். தும்... தும் தும்... தும்.

மணியம் நெற்றியைச் சுருக்கினார். "பாட்டு எப்பம்மா வரும்?" என்று புஷ்பவள்ளியிடமே கேட்டுவிட்டார். பாவம், அவளுக்கும் தெரியவில்லை.

காப்பித் தட்டோடு குசினி வாசலில் நின்ற கஸ்தூரி திடுதிப்பென்று பாட ஆரம்பித்தாள். முருகன் பாட்டு, அதுவும் வீடே அதிரும்படி. சுருதி ஒரு பக்கம் போக, அவள் ஒரு பக்கம் போனாள். மதிவாணன் தன் பாட்டை விட்டுவிட்டு, அவள் போன பக்கமே வாசித்துக்கொண்டு போனான்.

புஷ்பவள்ளிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க, பொம்பளப் பிள்ளைக்குக் கொஞ்சமாச்சும் அடக்கம் வேணாமா?" என்று மகன் காதைக் கடித்தாள்.

மணியமோ தொடையைத் தட்டித் தாளம் போட்டார். "இப்பதான் பாட்டு தெரியுது. அச்சு அசலா வாசிக்கிறாரே மாப்பிள்ள."

ஆமாம், மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டார். தட்டு மாற்றத் தேதியும் அன்றே பேசியாயிற்று.

கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவனிடம் கஸ்தூரி மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா, நீங்க முதல்ல வாசிச்சது என்ன பாட்டு?"

மதிவாணன் தலையைச் சொறிந்தான். "மச்சான் தண்ணியப் போட்டுட்டு ரோட்டுல விழுந்து கெடக்கற பாட்டு."

"அலமாக். நல்லவேளை." அவள் அப்பா காதில் விழாமல் சிரித்தாள். "அப்பா மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன், விட்டா உங்கள வழியனுப்பியிருப்பாரு. எனக்குக் கடைசி வரி வரைக்கும் பாடத் தெரிஞ்சது அந்த முருகன் பாட்டு ஒண்ணுதான். நான் எப்படிப் பாடினாலும் பின்னாலயே வந்துருவீங்கன்னு நம்பிப் பாடிட்டேன்."