இரண்டாம் தடவை ஏறியவள்

விமானம் தரையை விட்டு எழும்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்கத்து இஞ்சின் படபடவென்று வெடித்துப் புகை கக்கியது.

உள்ளே பதினெட்டுப் பேர். ஆளாளுக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டார்கள்.

விமானி ஞானதீபம் அந்த இஞ்சினை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே தூத்துக்குடியின் உப்பளமும் கடலும் சாய்ந்து சுற்றின. மிச்சமிருந்த ஒற்றை இஞ்சினோடு வட்டமடித்துத் திரும்பி, யுத்தத்தின்போது போட்ட, காலையில் கிளம்பிய அதே ஓடுபாதையில் தடதடவென்று இறக்கிவிட்டார்.

இறங்கியதும் கருப்பட்டி வியாபாரி வன்னியபெருமாள் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சீனித்தாய்க்கு வாந்தி நிற்கவில்லை.

கறுப்புச் சேலை கட்டிய ஒருத்தி மட்டும் நேரே விமானியிடம் போனாள்.

“மறுபடி எப்பம் கிளம்பும், ஐயா?”

ஞானதீபம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். “மெக்கானிக் பார்த்துச் சொல்லணும்மா. இன்னைக்குக் கிளம்புமான்னே தெரியலை.”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் கொழும்பு கோர்ட்டுல நிக்கணும். கப்பல் இனி சனிக்கிழமைதான்.”

வன்னியபெருமாளுக்கு அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. மனைவியின் காதருகே குனிந்தார்.

“ஏளா, இது நம்ம இனிகோ பொண்டாட்டி பிலோமியில்லா?”

“எந்த இனிகோ?”

“கொழும்பு துறைமுகத்துல சரக்கு ஏத்திக்கிட்டு இருந்தான்லா, அவன்தான். கூட வேலை பாத்த செல்லப்பாண்டி அவனைக் கப்பல்ல இருந்து தள்ளிக் கொன்னுட்டான். சோறு கொண்டுபோன இவ கண்ணு முன்னால நடந்துச்சு. வேற சாட்சி கிடையாது. போலீசுலயும் மாஜிஸ்திரேட் முன்னாலயும் சாட்சி சொல்லிட்டு ஊருக்கு வந்துட்டா. நாளைக்குக் கேஸு முடியுது.”

“அதுக்கா இந்தப் பறப்பு?”

“பின்னே? தூக்குத் தண்டனைன்னு காதால கேட்டாத்தான் மனசு ஆறும் போல.”

விஷயம் மற்றவர்களுக்கெல்லாம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. வேப்ப மரத்தடியில் ஒதுங்கியவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிலோமி யாரையும் பார்க்கவில்லை. இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கைகளையே பார்த்தபடி வெயிலில் நின்றாள்.

பகல் மூன்று மணிக்கு மெக்கானிக் கீழே இறங்கினான். ஞானதீபம் தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு போய் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“சரியாயிடுச்சு. வர்றவங்க வரலாம்.”

ஒருவரும் அசையவில்லை.

பிலோமி மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விமானத்தின் படியில் ஏறி நின்றாள்.

கம்பெனி குமாஸ்தா அற்புதமணி ஓடி வந்தார். “இறங்கும்மா. ஒரு ஆளுக்காகவெல்லாம் விமானம் போகாது. அவசரம்னா கோர்ட்டுக்கு ஒரு தந்தி அடிச்சிரு.”

“தந்தியக் கூண்டுல ஏத்தி விசாரிக்க முடியுமாய்யா? நாந்தான் நிக்கணும்.”

“சொன்னாக் கேளு. இறங்கு.”

“இறங்க மாட்டேன். வேணும்னா ஆளக் கூப்பிட்டு இழுத்துப் போடுங்க. திரும்பவும் ஏறுவேன்.”

அற்புதமணி விமானியைப் பார்த்தார். ஞானதீபம் படியருகே வந்தார்.

“காலையில நடந்ததைப் பார்த்தீங்களே. பயமா இல்லையாம்மா?”

“இருக்கு.” அவள் கை படிக்கம்பியை இறுகப் பிடித்திருந்தது. “ஆனாலும் போகணும்.”

ஞானதீபம் குமாஸ்தாவிடம் திரும்பினார். “தபால் மூட்டையை எப்படியும் நான் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதோட இவங்களும் வரட்டும்.”

சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை. புருஷன் கையைப் பிடித்துத் தடுத்தும் கேளாமல் படிக்குக் கீழே வந்து நின்றாள்.

“ஏளா பிலோமி, நான் ஒனக்கு மூத்தவ, சொல்லுதேன். அந்தச் செல்லப்பாண்டிக்கும் ரெண்டு பிள்ளைக உண்டாம். மேல போன விமானத்தையே சாமி திருப்பி அனுப்பியிருக்கு. அதுக்கு மேலயும் பழி வாங்கணுமா? போகாத தாயி. நீ போகாட்டா அவன் பொழச்சுக்கிடுவான்.”

“பொழைக்க மாட்டான்க்கா. நான் அப்போ சொன்ன சாட்சி கோர்ட்டுல எழுத்துல இருக்கு. நான் போகாட்டா அதை வச்சே தூக்குல போட்டுருவாக.”

சீனித்தாய்க்கு ஆத்திரம் பொங்கியது.

“எப்படியும் அவனுக்குத் தூக்குதான்னா நீ எதுக்குளா உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போற? அவன் கண்ணு கலங்குறத நேர்ல பாக்கணுமாக்கும்?”

இஞ்சின்கள் உறும ஆரம்பித்தன. காற்றில் முக்காடு விலகியது. பிலோமி அதைச் சரிசெய்யவில்லை. சத்தத்துக்கு மேலே எழும்பும்படி, மரத்தடியில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“அவன் தள்ளவே இல்லக்கா! எங்க வீட்டுக்காரரு கால் வழுக்கித்தான் விழுந்தாரு. முந்தின நாள் அவருக்கும் அவனுக்கும் சண்டை. அதை மனசுல வச்சுக்கிட்டு, அவன்தான் தள்ளுனான்னு பொய்ச்சாட்சி சொன்ன பாவி நாந்தான்!”