சுத்தம் செய்த பதிவு

ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் கொழுந்தன், இறந்துபோன அண்ணன் குழல் வாசித்த சிம்பொனியின் பழைய பதிவைச் சுத்தம் செய்து அண்ணியிடம் கொண்டுவந்திருக்கிறான். ஒப்பிட்டுப் பார்க்க அவள் முதலில் பழைய இசைத்தட்டை வைக்கிறாள். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தட்டு. குழல் தொடங்குமுன் கணவர் மூச்சை இழுக்கும் இடத்தை முள் தாண்டிக் குதிக்கிறது. "அவர் மூச்சு போன மாசம் வரைக்கும் கேட்டுச்சு" என்கிறாள். "இதைக் கேளுங்க அண்ணி. அண்ணன் எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கும்." அவன் தான் கொண்டுவந்த பாட்டுப்பெட்டியில் புதிய பதிவை ஓடவிடுகிறான். வயலின்கள் அடங்குகின்றன. அவள் கண்களை மூடிக்கொள்கிறாள். நிசப்தத்திலிருந்து நேராகக் குழல் எழுகிறது. "அந்த மூச்சு எங்க தம்பி?" "இரைச்சல்னு எடுத்துட்டேன் அண்ணி." "எடுத்ததை வெச்சிருக்கியா?" "அழிச்சுட்டேன். மூல ஒலிநாடாவும் உதிர்ந்துபோச்சு." அவன் கை பெட்டியை அணைக்கப் போகிறது. "இருக்கட்டும்" என்கிறாள். குழல் எங்கேயும் மூச்சு வாங்காமல் வாசித்துக்கொண்டே போகிறது.