நாணல் கரை

"சத்தம் போடாதீங்க... நீர்க்கோழி குஞ்சுங்களோட வருது."

அமலராணி கிசுகிசுத்தாள். அருகில் வந்து நின்றவன் அப்படியே படியில் உட்கார்ந்தான்.

காவிரி மேல் பனி கலையவில்லை. எதிர்க்கரையில் ஸ்ரீரங்கம் இருப்பதே தெரியவில்லை. நாணலுக்குள்ளிருந்து கறுப்புப் பஞ்சுருண்டைகளாகக் குஞ்சுகள் தாயின் பின்னால் மிதந்து வந்தன. அப்படியே பனிக்குள் கரைந்தும் போயின.

"கனவு மாதிரி இருக்குங்க," என்றான். "தினமும் வருவீங்களா?"

"நான் நர்ஸு. ராத்திரி பூரா ஐ.சி.யூ.ல மெஷின் சத்தம். டூட்டி முடிஞ்சு இங்க கொஞ்சம் உக்காந்தாத்தான் வீட்டுக்குப் போனா தூக்கம் வரும்."

"எனக்கும் மெஷின் சத்தம்தாங்க. படுத்தாலும் காதுல இரைஞ்சுக்கிட்டே இருக்கும். இப்ப இல்ல."

"எந்த ஊரு?"

"பொன்மலை. பேரு அடைக்கலம்."

"அப்ப ரயில்வே ஒர்க்‌ஷாப்பா?"

அவன் சிரித்தான். காற்றில் நாணல் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது.

"திங்கக்கிழமை இதையெல்லாம் வழிச்செடுக்கப் போறாங்க," என்றாள் அவள். "புதர் மண்டி அசிங்கமா இருக்காம். டைல்ஸ் போட்டு, கலர் லைட் வச்சு, செல்ஃபி எடுக்க இடம் கட்டுறாங்களாம்."

"யாரும் கேக்கலையா?"

"நாங்க கொஞ்சப் பேரு குறுக்க நிக்கப் போறோம். நீங்களும் வருவீங்களா?"

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். மீன்கொத்தி ஒன்று நீலக் கோடாக நீரை உரசிப் போனது.

"வரேங்க," என்றான் கடைசியில்.

திங்கட்கிழமை காலை. வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் வரவில்லை. அமலராணி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனையும் காணோம். பேச்சுக்குத்தான் சொல்லியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கரை அதிர மஞ்சள் பொக்லைன் சரிவில் இறங்கியது. காலை வெயில் அதன் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

"தள்ளுங்கம்மா! அடிபட்டா நாங்க பொறுப்பில்ல!" மேஸ்திரி கத்தினார்.

அவள் நகரவில்லை. நாணலில் முதுகு உரச நின்று, கண்களை மூடிக்கொண்டாள். சத்தம் நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

சட்டென்று நின்றது.

கண்ணைத் திறந்தாள். பொக்லைன் கதவைத் திறந்துகொண்டு டிரைவர் இறங்கினான். மேஸ்திரியின் கையில் சாவியை வைத்துவிட்டு, நேராக நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான் அடைக்கலம்.