காய்ச்சல்காரருக்கு மட்டும்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகர ஆஸ்பத்திரி ஜன்னலில் சாயும் வெயில், லிகாயாவின் தம்பி கார்டோவின் தலைமாட்டிலிருக்கும் ஆரஞ்சு சோடாவை விளக்காக எரியவைக்கிறது. காய்ச்சல்காரருக்கு மட்டுந்தான் அவர்கள் வீட்டில் சோடா. "இன்னும் ஒரே வாய், என் ராசால்ல," என்று அம்மா இஞ்சிக் கஞ்சியை ஊதி ஊதி அவனுக்கு ஊட்டுகிறாள். நாளைய பரீட்சைப் புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருக்கும் லிகாயாவுக்கு வயிறு எரிகிறது. அம்மா தன்னை ஏறிட்டுப் பார்த்தே எத்தனை நாளாயிற்று! சூடான கஞ்சித் தூக்கில் நெற்றியை அழுத்திவைத்துவிட்டு எழுகிறாள். "எனக்கும் உடம்பு சுடுதும்மா." கரண்டி அந்தரத்தில் நிற்கிறது. "ஐயோ, நீயுமாடி?" அம்மாவின் உள்ளங்கை அவள் நெற்றியில் படிகிறது. "அக்காவுக்கும் சோடா குடும்மா," என்கிறான் கார்டோ. அம்மா கரண்டியை வைத்துவிட்டு லிகாயாவையே பயத்தோடு பார்க்கிறாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கை விலகிவிடும். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள்.