கயிற்றில் கட்டிய நிலா

"பெத்த பிள்ளையைக் கம்பத்துல கட்டி ஓட விடறா. இவளெல்லாம் ஒரு தாயா?"

துணி எடுக்கப் பால்கனிக்குப் போன மனைவி குரல் கொடுத்ததும், குடியிருப்புச் சங்கச் செயலாளர் டிவியை விட்டு எழுந்து வந்தார். அவர் எழுந்து வருவதே பெரிய விஷயம். உடம்பு வாகு அப்படி. தினம் நடக்கச் சொன்ன டாக்டரே சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

கீழே மைதானத்து நடுவில் பழைய வாலிபால் கம்பம். அதில் மாட்டிய வளையத்திலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இடுப்பில். அவள் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரி, ஓரமாக நின்று கைதட்டி விரட்டிக்கொண்டிருந்தாள்.

"கயிறு தொய்யக் கூடாது. இன்னும் வேகமா ஓடு."

வந்த நாளிலிருந்தே தையல்காரியைப் பற்றி மாடிக்கு மாடி பேச்சு. பிள்ளையின் கையைப் பிடித்த பிடியை விடுவதில்லையாம். மற்றப் பிள்ளைகளோடு விளையாட அனுப்புவதில்லையாம். இப்போது கை போதாமல் கயிறு வேறு.

மனைவி எள் என்றால் செயலாளர் எண்ணெயாக நிற்பவர். அங்கிருந்தபடியே வெல்டிங்காரருக்குப் போன் போட்டு, காலையில் முதல் வேலையாக அந்தக் கம்பத்தை அறுத்துவிடச் சொன்னார். வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி அவளைக் காலி பண்ண வைப்பது என்றும் முடிவெடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"ஏம்மா, மாட்டைக் கட்டற மாதிரி கட்டியிருக்கியே. பிள்ளைதானே அது?"

தையல்காரி வாய் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள். "நான் மாடு இல்ல தாத்தா. நிலா."

பள்ளிக்கூடத்தில் நிலாப் பாடம் நடத்தினார்களாம். நிலா ஏன் பூமி மேலே விழவில்லை, ஏன் எங்கேயும் ஓடிப் போகவும் இல்லை என்று வீட்டில் ஒரே நச்சரிப்பாம். அதைத்தான் ஓடிக் காட்டச் சொன்னாளாம் அம்மா. பாப்பா நின்று, மூச்சு வாங்க வாங்க அவருக்கே பாடம் எடுத்தாள்.

"கயிறுதான் பூமியோட இழுப்பு தாத்தா. நிலா நேரா ஓடப் பார்க்கும், பூமி தன் பக்கம் இழுக்கும். நிலா ஓடாம நின்னா பூமியில வந்து விழுந்துடும். கயிறு அறுந்தா எங்கயோ போயிடும். ரெண்டும் விட்டுக்கொடுக்காததால சுத்திக்கிட்டே இருக்கு. சூரியனைச் சுத்தற பூமிக்கும் இதே கயிறுதான். கண்ணுக்குத்தான் தெரியாது."

செயலாளருக்குக் கோபம் இறங்கவில்லை. இதைப் படம் போட்டுக் காட்டினால் ஆகாதா என்று தையல்காரியைக் கேட்டார். பிறகு பாப்பாவிடம் திரும்பி, எதிர்க் கட்டடத்துக்கு மேலே கையை நீட்டினார்.

"அதோ பாரு, நிலா அதுபாட்டுக்கு நிக்குது. இப்படியா தலைதெறிக்க ஓடுது?"

பாப்பா அவர் கை நீட்டிய பக்கம் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"வந்திருச்சா தாத்தா? எந்தப் பக்கம்?"

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் செயலாளர் நின்றார்.

"பிறந்ததிலேருந்தே பார்வை இல்ல சார்," என்றாள் தையல்காரி. "இதுவரைக்கும் என் கையைப் பிடிச்சு நடந்ததுதான். எங்கயாவது மோதிக்குவாளேன்னு நான் ஓட விட்டதே இல்ல. இந்தக் கயிறு இருந்தா எதுலயும் மோத மாட்டா. நேத்துதான் சார் முதல் முதலா ஓடினா."

அப்போதுதான் அவர், கயிறு மாட்டியிருந்த இடுப்புப் பட்டையைக் கவனித்தார். உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாடியேறினார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். கம்பத்தை அறுக்க வேண்டாம் என்று சொல்ல வெல்டிங்காரருக்கு எத்தனை தடவை அடித்தும் அவர் போனை எடுக்கவில்லை.

மற்ற வேலைக்கெல்லாம் பத்து நடை நடக்க வைக்கிற அந்த மனிதர், மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து கம்பத்தை அடியோடு அறுத்துப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் டிவி தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணாமல் மனைவி பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

கீழே ஈரச் சிமெண்டில், செங்கல் முட்டுக் கொடுத்தபடி ஒரு புதுக் கம்பம் நின்றது. அதை விட்டு நன்றாகத் தள்ளி, மைதானத்தின் மறுபாதியில், அவள் கணவர் கயிற்றின் முனையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மறுமுனையில் பாப்பா சிரித்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தலை சுத்தி விழப்போறீங்க. மேல வாங்க."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சிமெண்ட் காயற வரைக்கும் நான்தான் பூமி."