ஒற்றைக் கோடு

மலாவி ஏரியின் நடுவில், எஞ்சின் நின்றுபோன படகு மெல்லச் சுழல்கிறது. நடுப்பகல் வெயில் தண்ணீரில் தகடு தகடாக உடைகிறது. தெற்கே மேகம் கறுத்து, காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. உசிப்பா என்ற சிறுமீன் கருவாட்டு மூட்டைகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கும் பதினோரு பேரும் வேஸியின் கைப்பேசியையே பார்க்கிறார்கள். செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்பவன் அவன். திரையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. "கோபுரமே என்னுதுன்னு பீத்திக்கிட்டியே தம்பி, இப்பக் கூப்பிடு பார்ப்போம்," என்கிறாள் மீன்காரி ஃபனேஸி. சொல்லும்போதே இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொள்கிறாள். "இதை 4ஜியில மட்டும் வச்சிருந்தேன் அக்கா. எங்க கோபுரத்துல அது உயர்ந்த அலைவரிசை. படமெல்லாம் பறந்து வரும், ஆனா இவ்வளவு தூரம் எட்டாது. பழைய 2ஜி தாழ்ந்த அலைவரிசை. பேசத்தான் முடியும், ஆனா தண்ணி மேல ரொம்ப தூரம் வரும்." வேஸி கைப்பேசியை 2ஜிக்கு மாற்றுகிறான். ஒற்றைக் கோடு எழுகிறது, மறைகிறது, மறுபடி எழுந்து நிற்கிறது. அழைக்கிறான். படகுத்துறைக்காரரின் கரகரத்த குரல் வருகிறது: "எங்கய்யா இருக்கீங்க?" எஞ்சின் நின்றதையும், எந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள் என்பதையும் வேஸி சொல்கிறான். "பயப்படாதீங்க, பெரிய படகு இப்பவே கிளம்புது!" அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும், ஆடு கத்துவதும்கூடக் கேட்கின்றன. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கரையே தெரியவில்லை, வெறும் நீலம். அந்தக் கோபுரத்தின் திருகுகளைத் தன் கையால் முறுக்கிய வேஸிக்கே உடம்பு சிலிர்க்கிறது. "இத்தனை நாளும் இந்த அலை நம்ம தலைக்கு மேல போய்க்கிட்டேதான் இருந்துச்சா?" என்று கேட்கிறாள் ஃபனேஸி. "ஆமாக்கா." அவள் ஒரு கையைத் தூக்கி, வெறும் காற்றை மெதுவாகத் தடவிப் பார்க்கிறாள்.