எரியாத சிவப்பு

கைப்பிடி சிவப்புப் பொடியோடு அவள் பலகைக்கு மேல் குனிந்து நின்றாள்.

கை திறக்கவில்லை.

பலகையில் மைதாப் பசை தடவிய வெள்ளைத் தாள். ஈரம் இருக்கும்போதே பொடியை வீச வேண்டும். விழுந்த கையோடு தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்போதுதான் நிறம் ஓடும், மேகம் மாதிரி கலையும். கல்யாணப் பத்திரிகையில் எழுத்துக்குப் பின்னால் வைக்கிற தாள். அச்சகக்காரர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

மதினி வீசினால் மேகம் வருகிறது. அவள் போட்டால் புள்ளிக் கோலம்.

நேற்றுப் போட்டவை சுவரோரம் காய்ந்து கிடந்தன. விரல் நுனியில் சிட்டிகை சிட்டிகையாக எடுத்து வைத்தவை. வைத்த இடத்திலேயே நிறம் செத்துக் கிடந்தது.

"ஏந்தாயி, இது என்ன வெடி மருந்தா? பேயோட்டுறவன் திருநூறு எறிவானே, அப்படி எறி."

சொல்லிவிட்டு மதினி முற்றத்தைப் பார்த்தாள். சிவப்பு டப்பா கிணற்றடியில். மஞ்சள் வாசல் ஓரம். நீலம் முருங்கைக்கு அந்தப் பக்கம்.

"மூணுக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ?"

சிரித்தபடி பசை கிண்ட உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில், ஊர் வாயில் ஆபீஸில், ஒரு பொடியை இன்னொரு பொடி பார்க்கக் கூடாது. டப்பாவை இழுக்கக் கூடாது. தட்டக் கூடாது. வீசுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

போன ஆடியில் அடுத்த அறையில் யாரோ டப்பாவைத் தரையில் இழுத்தார்கள்.

அந்த அறை இப்போது இல்லை.

அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் கால் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அடுப்பு எரிய வேண்டுமே. அவள் உட்கார்ந்த இடத்தில் மகள் வேணி போய் உட்கார்ந்தாள்.

காலையில் ஆபீஸ் வண்டி வந்து ஏற்றிப் போகும். சாயங்காலம் அது திரும்புகிற சத்தம் கேட்கும்வரை அவள் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

இன்று அச்சகக்காரர் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் நித்தமும் வேலை. வீச ஒரு ஆள், தெளிக்க ஒரு ஆள்.

"உனக்குக் கை வந்துட்டாப் போதும். ஆத்தாளும் மகளுமாச் செய்யுங்க" என்று மதினி சொல்லியிருக்கிறாள்.

உனக்குக் கை வந்துட்டா.

பொடி வியர்வையில் பிசுபிசுத்தது.

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது.

வேணி தூக்குவாளியோடு வெளியே வந்தாள். தலை இறுக்கப் பின்னியிருந்தது. காதில், கழுத்தில் ஒன்றுமில்லை; ஆபீஸில் உலோகம் ஆகாது.

"போயிட்டு வாரேம்மா."

மகளிடம் தினமும் "பாத்து இரு தாயி" என்பாள்.

இன்று கண்ணை இறுக மூடினாள்.

வீசினாள்.

காது காத்திருந்தது.

முருங்கையில் அணில் கத்தியது. உள்ளே கரண்டி சட்டியில் உரசியது. அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தாள். சிவப்பு இன்னும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. ஓர் அவசரமும் இல்லாமல் இறங்கியது. தாளில், பலகையில், அவள் புறங்கையில்.

அவளுக்குத் தெரிந்த சிவப்பெல்லாம் எரிந்த பிறகு வருவது. இது எரியாமலே சிவந்திருந்தது.

தாளின் ஓரத்தில் பசை இறுகத் தொடங்கியது.

"தண்ணியத் தெளி" என்றாள், திரும்பாமல்.

"வண்டி நிக்குதும்மா."

"பசை காயுது."

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக. யாரோ வேணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் தூக்குவாளியைத் தரையில் வைக்கிற சத்தம். தாளில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

சிவப்பு நகர்ந்தது.